நோயோடு வாழும் பாரத்தை அளக்கும் வினாப்பட்டியலைத் தமிழில் சரிபார்ப்பது எப்படி? நீரிழிவு மனஉளைச்சல் அளவுகோலைக் கொண்டு ஒரு செய்முறை

இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதை ஒரு துளி இரத்தம் சொல்லிவிடும். ஆனால் மாத்திரை, ஊசி, உணவுக் கட்டுப்பாடு என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்து வாழ்வது ஒருவரை எவ்வளவு சலிப்படையச் செய்திருக்கிறது என்பதை அவரிடம் கேட்டுத்தான் அறிய முடியும். அப்படிக் கேட்பதற்காக வில்லியம் போலன்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 2005-இல் வெளியிட்ட கருவிதான் நீரிழிவு மனஉளைச்சல் அளவுகோல். அதில் 17 கேள்விகள் உள்ளன. மனச்சுமை பற்றி 5, மருத்துவர் தொடர்பாக 4, அன்றாடச் சிகிச்சை முறை பற்றி 5, உற்றார் உறவினர் தொடர்பாக 3 என அவை நான்கு பிரிவுகளாகும். ஒவ்வொரு கேள்விக்கும் 1 (பிரச்சினையே இல்லை) முதல் 6 (மிகக் கடுமையான பிரச்சினை) வரை மதிப்பிட்டு, சராசரியைக் கணக்கிடுவார்கள். சராசரி 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த நோயாளியிடம் மருத்துவர் தனியே அமர்ந்து பேச வேண்டும் என்று கொள்ளலாம்.

இத்தகைய ஒரு கருவியைத் தமிழ் பேசும் நோயாளிகளிடம் பயன்படுத்த விரும்பும் முதுநிலை மாணவர்களுக்காகவும் செவிலியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். புள்ளியியல் முன்னறிவு அதிகம் தேவையில்லை. பொறுமை நிறையத் தேவை.

முதல் படி: நோக்கத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

"இந்த வினாப்பட்டியல் சரிபார்க்கப்பட்டது" என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் இல்லை. யாரிடம், எந்த மொழியில், எந்த முடிவை எடுப்பதற்காக என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அது பொருள்படும். "இன்சுலின் போட்டுக்கொள்ளும் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளில் யாருக்கு ஆலோசனை தேவை என்று கண்டறிய" என்பது ஒரு நோக்கம். "ஒரு பயிற்சித் திட்டத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிட" என்பது வேறொரு நோக்கம். இரண்டுக்கும் தேவையான சான்றுகள் வேறு. அதன்பின், ஏற்கெனவே தமிழ் வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கருவியின் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் வாங்கிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: மொழிபெயர்ப்பு

பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் இருவர் தனித்தனியே தமிழாக்குவார்கள். ஒருவர் மருத்துவம் அறிந்தவராகவும் மற்றவர் அறியாதவராகவும் இருப்பது நல்லது. இரண்டு வடிவங்களையும் ஒன்றாக இணைத்த பிறகு, மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பார்கள். இறுதியில் எல்லோரும் ஒரு குழுவாகக் கூடி வேறுபாடுகளைத் தீர்ப்பார்கள்.

மறுபெயர்ப்பு மூலத்தோடு பொருந்திவிட்டது என்பதற்காக நிம்மதி அடையக் கூடாது. உற்றார் உறவினர் தொடர்பான ஒரு கேள்வியில், அவர்கள் நோயாளியைச் சாப்பிடத் தூண்டும் உணவைத் "தவறான உணவு" என்று தமிழில் எழுதினால் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது அது மிகச் சரியாகவே திரும்பும். ஆனால் அந்தத் தொடரைக் கேட்கும் மூதாட்டி கெட்டுப்போன உணவைத்தான் நினைக்கக்கூடும். திருமண வீட்டில் "ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று இலையில் வைக்கப்படும் ஜாங்கிரியைத்தான் கேள்வி குறிக்கிறது என்பது அவருக்கு எட்டாது. "சாப்பிடக் கூடாததைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது" என்று எழுதினால் எட்டும். "பத்தியம்" என்ற சொல் கையருகே இருந்தாலும் அது உணவை மட்டுமே குறிக்கும். மாத்திரை, ஊசி, உடற்பயிற்சி எல்லாம் அடங்கிய சிகிச்சை முறைக்கு அது போதாது.

மூன்றாம் படி: கேள்வியை நோயாளி எப்படிக் கேட்கிறார்?

சுகாதார அளவுகோல்களை மதிப்பிடும் காஸ்மின் நெறிமுறைகள், உள்ளடக்க ஏற்புடைமையைத்தான் எல்லாப் பண்புகளிலும் முதன்மையானதாகக் கருதுகின்றன. கேள்விகள் நோயாளிக்குப் பொருத்தமானவையா, முழுமையானவையா, புரியக்கூடியவையா என்பதே அதன் பொருள். என் கருத்தில், மொத்த உழைப்பில் பாதியை இந்தப் படியில் செலவிட வேண்டும். நடைமுறையில் பலர் ஒரே நாளில் முடித்துவிடுவதும் இதைத்தான்.

30 முதல் 40 நோயாளிகளிடம் தனித்தனியே அமருங்கள். வயது, கல்வி, ஊர், நோயின் காலம் ஆகியவற்றில் அவர்கள் வேறுபட்டிருக்கட்டும். ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, "இதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள், எதை நினைத்து இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். விடையைத் திருத்தாதீர்கள், சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, வட்டாரச் சொற்கள். "வருத்தம்" என்றால் தமிழ்நாட்டில் மனக்கவலை. யாழ்ப்பாணத்தில் அது நோயையே குறிக்கும். ஒரே தாளை இரு இடங்களிலும் கொடுத்தால் இரு வேறு கேள்விகளைக் கேட்டதாகிவிடும். இரண்டாவது, எதிர்மறைக் கேள்விகள். "உங்களுக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லையா?" என்பதற்கு ஒருவர் "ஆமாம்" என்று சொன்னால், கிடைக்கிறது என்கிறாரா, கிடைக்கவில்லை என்கிறாரா? முடிந்தவரை உடன்பாட்டு வாக்கியங்களாக எழுதுங்கள்.

மூன்றாவது, விடைகளின் ஏணி. மூலத்தில் "பிரச்சினையே இல்லை" என்பதிலிருந்து "மிகக் கடுமையான பிரச்சினை" வரை ஆறு படிகள் உள்ளன. "மிதமான", "ஓரளவு கடுமையான" ஆகிய இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தமிழில் எளிதில் மங்கிவிடும். ஆறு சொற்றொடர்களையும் ஆறு சீட்டுகளில் எழுதிக் கலைத்து, எண்ணைக் காட்டாமல் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பலர் இடையிலுள்ள இரண்டை மாற்றி வைத்தால் குறை சொற்களில்தான் இருக்கிறது, நோயாளியிடம் இல்லை. மாற்றி எழுதி, புதியவர்களிடம் மறுபடியும் சோதியுங்கள்.

நான்காம் படி: எதிர்பார்ப்புகளை முன்னரே எழுதி வையுங்கள்

தரவைத் திரட்டுவதற்கு முன்பே கருதுகோள்களை எழுதித் தேதியிட்டு வையுங்கள். எடுத்துக்காட்டாக, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற வினாப்பட்டியலின் மதிப்பெண்ணோடு மிதமான ஒட்டுறவு (இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண்), அதாவது 0.4 முதல் 0.6 வரை இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதைவிட மிக அதிகமாக இருந்தால் இரண்டு கருவிகளும் ஒன்றையே அளக்கின்றனவா என்ற ஐயம் எழ வேண்டும். நோயினால் வரும் மனஉளைச்சல் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யோடு வலுக்குறைந்த ஒட்டுறவே இருக்கும் என்பது மற்றொரு கருதுகோள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் வாழ்க்கை பாரமாக இருப்பவர்கள் உண்டு. அவர்களையும் கண்டறிய இந்தக் கருவி உதவும். எழுதியவற்றில் நான்கில் மூன்று பங்காவது மெய்ப்பட்டால் கட்டமைப்பு ஏற்புடைமைக்கு, அதாவது அளக்க நினைத்ததையே கருவி அளக்கிறது என்பதற்கு, நல்ல சான்று.

ஐந்தாம் படி: தரவு திரட்டல்

ஒரு கேள்விக்கு ஏழு பேர் என்பது நல்ல அளவு. 17 கேள்விகளுக்கு 119 பேர். எண்ணிக்கையை விடச் சூழல் முக்கியம். மருத்துவரின் அறை வாசலில் அவரது உதவியாளரே கேள்விகளைப் படித்தால், மருத்துவர் தொடர்பான நான்கு கேள்விகளுக்கும் எல்லோரும் 1 என்றே சொல்வார்கள். வைத்தியம் பார்ப்பவரைக் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதையும், சொன்னால் அடுத்த முறை சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்ற அச்சமும் அதில் கலந்திருக்கும். ஆகவே சிகிச்சையில் தொடர்பில்லாத ஒருவர், வேறு அறையில், குடும்பத்தினர் உடன் இல்லாதபோது கேட்க வேண்டும். தானே எழுதியவர் யார், படித்துக் காட்டப்பட்டவர் யார் என்பதையும் பதிவு செய்யுங்கள். 15 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மிகக் குறைந்த அல்லது மிக உயர்ந்த மதிப்பெண்ணில் குவிந்திருந்தால், அந்த முனையில் இருப்பவர்களைக் கருவியால் வேறுபடுத்திக் காட்ட முடியவில்லை என்று பொருள்.

ஆறாம் படி: கேள்விகள் ஒன்றுக்கொன்று இசைகின்றனவா?

நான்கு பிரிவு அமைப்பு தமிழ் வடிவத்திலும் நிற்கிறதா என்பதை, எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று சோதிக்கும் "உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு" என்ற புள்ளியியல் முறை காட்டும். முதல் முறை செய்பவர்கள் இதற்கு ஒரு புள்ளியியலாளரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, கேள்விகள் தம்முள் எவ்வளவு இசைகின்றன என்பதைக் காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற எண்ணை ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகக் கணக்கிடுங்கள், 0.70-க்கு மேல் இருப்பது ஏற்கத்தக்கது. ஆனால் ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்டாலும் ஆல்ஃபா உயரும். ஆகவே அது 0.95-ஐத் தாண்டினால் மகிழ்வதற்குப் பதிலாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறோமா என்று பாருங்கள். ஆல்ஃபாவை மட்டும் கணக்கிட்டுவிட்டு "சரிபார்த்தோம்" என்று எழுதும் வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். கேள்விகள் தம்முள் இசைவதால் மட்டும் அவை அளக்க வேண்டியதை அளக்கின்றன என்று ஆகிவிடாது.

ஏழாம் படி: மறுசோதனையும் அளவீட்டுப் பிழையும்

குறைந்தது 50 பேரிடம் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளைக் கேளுங்கள். முந்தைய விடைகள் நினைவில் நிற்காத அளவுக்கு இடைவெளி நீளமாகவும், நிலைமை மாறிவிடாத அளவுக்குக் குறுகியதாகவும் இருக்க வேண்டும். இடையில் புதிதாக இன்சுலின் தொடங்கியவர்களையும், வீட்டில் இழப்பைச் சந்தித்தவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பயிற்சிக்காக ஒரு கணக்கு. மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி அவை எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 0.9 என்றும், இரு முறைகளுக்கும் இடையிலான நம்பகக் கெழு (இரு முறை விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது; 1 என்றால் முழு ஒற்றுமை) 0.84 என்றும் வைத்துக்கொள்வோம். 1-இலிருந்து 0.84-ஐக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, அதை 0.9-ஆல் பெருக்கினால் அளவீட்டின் திட்டப் பிழை 0.36. இரண்டு அளவீடுகளிலும் உள்ள பிழையை 95 விழுக்காடு உறுதியோடு கணக்கில் கொள்ள, இதை 2.77-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.0 வரும். ஒரு தனி நோயாளியின் மதிப்பெண் இதைவிட அதிகமாக மாறினால்தான் அது தற்செயல் அல்ல என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

நம்பகக் கெழு 0.84 என்பது நல்ல எண். அப்படியிருந்தும், 3.4-இலிருந்து 2.9-க்கு இறங்கிய நோயாளியின் மாற்றம் வெறும் அளவீட்டுப் பிழையாக இருக்கலாம்; 3 என்ற எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார் என்று சொல்லி அவரை ஆலோசனைப் பட்டியலிலிருந்து நீக்குவது சரியாகாது. 100 பேர் கொண்ட குழுவின் சராசரிக்கு 1.0 என்ற அதே எல்லையை 100-இன் வர்க்கமூலமான 10-ஆல் வகுக்க வேண்டும்; அது பத்தில் ஒரு பங்காக, 0.1 ஆகக் குறைந்துவிடும். ஆகவே உங்கள் அறிக்கையில் இந்த இரண்டு எண்களையும் தனித்தனியே கொடுங்கள். மருத்துவமனையில் பயன்படுத்தும் மதிப்பெண் தாளின் அடியிலும், ஒருவரின் மதிப்பெண் ஒன்றுக்குக் குறைவாக மாறியிருந்தால் எண்ணை மட்டும் நம்பாமல் அவரிடமே கேட்க வேண்டும் என்று தமிழில் தெளிவாக அச்சிட்டுவிடுங்கள்.