கிணற்றடியில் பாம்பா? போனை எடுங்கள், ஓடாதீர்கள்

காற்றில் வரும் சத்தத்தைவிடத் தரை அதிர்வுதான் பாம்புக்கு நன்றாகத் தெரியும். அதனால் தடதடவென்று கிட்டே ஓடினால் படத்தில் உங்களுக்கு வால்தான் கிடைக்கும். நின்ற இடத்திலிருந்தே முதல் படத்தை எடுத்துவிடுங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

என்ன பாம்பு என்று தெரியாதவரை இரண்டு ஆள் நீளமாவது தள்ளி நில்லுங்கள், சாரையாகவே இருந்தாலும். தள்ளி நிற்பது படத்துக்கும் நல்லது. பக்கத்தில் நின்று மேலிருந்து எடுத்தால் கயிறு கிடப்பதுபோல்தான் இருக்கும், இன்னும் நாலடி பின்னால் போய் நின்றபடி 3 மடங்கு ஜூம் வைத்தால் கோணம் தானாகத் தாழ்ந்து தலையும் கண்ணும் பக்கவாட்டில் தெரியும். குத்துக்காலிட்டு மட்டும் உட்காராதீர்கள், சட்டென்று எழ முடியாது. போகஸ் கண்ணில் இருக்கட்டும். சிமெண்ட் தரையில் வெயில் அடித்தால் சாரை கரிக்கட்டையாக விழும், திரையில் அதன் உடம்பைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். நாக்கு வேண்டுமென்றால் பர்ஸ்ட்தான் வழி, அதாவது ஒரே மூச்சில் வரிசையாகப் பல படம் எடுப்பது.

பழகுவதற்குப் பச்சைப்பாம்பு மாதிரி எதுவும் இல்லை. கண்ணைக் கொத்தும் என்று பேர் வாங்கிய அப்பிராணி, செம்பருத்திக் கிளையில் மணிக்கணக்காக அசையாமல் கிடக்கும், காற்றடித்தால் கிளையோடு சேர்ந்து தானும் ஆடும். அதன் கண்மணி படுக்கைவாக்கில் கோடு போட்டதுபோல இருப்பது பக்கவாட்டுப் படத்தில்தான் தெரியும்.

ஒருமுறை ஓலை மறைக்கிறதே என்று குச்சியால் தள்ளினேன், அடியில் கிடந்தது கண்ணாடி விரியன். அதன் சீறல் குக்கர் விசில்போலக் கேட்டது, படமும் இல்லை ஒன்றும் இல்லை. மறைத்தால் மறைக்கட்டும். நல்ல பாம்பு படம் எடுத்து நிற்கிறதா? அது உங்களுக்குப் போஸ் கொடுக்கவில்லை, பயந்திருக்கிறது, பின்வாங்குங்கள்.

இரவில் டார்ச்சும் போனுமாகப் பின்னால் போக வேண்டாம், கட்டுவிரியன் நடமாடும் நேரம் அது. கட்டுவிரியனுக்குப் பட்டைகள் கழுத்தருகே மங்கி வால் பக்கம் தெளிவாகும், பார்க்க அதுபோலவே இருக்கும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்தருகேதான் அழுத்தம். அதனால் அடையாளம் கேட்க எடுத்தால் தலை, நடு உடம்பு, வால் மூன்றும் வேண்டும். ஆனால் யாரையாவது கடித்திருந்தால் படத்தை விடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிடித்து வைத்து எடுப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். படத்தைப் பகிரும்போது தெருப் பெயரைப் போடாதீர்கள், மறுநாள் கம்போடு ஆள் வந்து நிற்கும்.