பழைய வண்டிக்கு அரசு தரும் பணம்: மக்களுக்கு லாபமா என்று கணக்குப் பார்ப்பது எப்படி

பழைய காரை ஒப்படைத்தால் புதுக் காருக்குச் சலுகை என்று ஓர் அரசு அறிவித்தால், முடிவில் 'இத்தனை லட்சம் கார் விற்றது' என்ற ஒரே எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணிலிருந்து கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகே கணக்கு தொடங்குகிறது.

பழகிப் பார்க்க அமெரிக்காவின் 2009 திட்டம் தோதானது. பழைய காருக்கு 3,500 அல்லது 4,500 டாலர். ஜூலை கடைசியில் சலுகை கொடுக்கத் தொடங்கி, ஆகஸ்ட் 24-இல் முடித்தார்கள். ஒதுக்கிய 100 கோடி டாலர் சில நாளில் தீர்ந்துபோக, மேலும் 200 கோடி சேர்த்தார்கள். மொத்தம் சுமார் 6.78 லட்சம் கார், செலவு 285 கோடி. காருக்குச் சராசரி 4,200 டாலர்.

முதல் வேலை, சலுகை இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பவர்களைக் கழிப்பது. தகுதியுள்ள பழைய கார் நிறைய இருந்த ஊர்களின் விற்பனையையும் குறைவாக இருந்த ஊர்களின் விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; வித்தியாசம்தான் சலுகையின் வேலை. அதிஃப் மியான், அமிர் சூஃபி என்ற பொருளியலாளர்கள் இப்படித்தான் பார்த்தார்கள். கூடுதலாக விற்றது ஏறத்தாழ 3.7 லட்சம். 285 கோடியை அதால் வகுத்தால் காருக்கு 7,700 டாலர். இதோடு நிறுத்தினால் தப்பு. அடுத்த மாதங்களில் விற்பனை படுத்தது. 2010 மார்ச்சுக்குள் அந்தக் கூடுதல் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிட்டது. நாளை வாங்க இருந்தவர் இன்றே வாங்கினார், அவ்வளவுதான். ஆகவே திட்டம் முடிந்த பிறகு ஒரு வருட விற்பனையாவது கையில் இல்லாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்து எரிபொருள். இங்கே மைலேஜ் எண் ஏமாற்றும். வருடம் 20,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 5 கி.மீ.யிலிருந்து 7-க்கு ஏறினால் மிச்சம் 1,140 லிட்டர். 14-லிருந்து 20-க்கு ஏறினால் 430 லிட்டர்தான். எனவே மைலேஜைக் கழிக்காதீர்கள், ஓட்டத்தை மைலேஜால் வகுத்து லிட்டரைக் கழியுங்கள். அமெரிக்கத் திட்டத்தில் பழைய கார்களின் சராசரி லிட்டருக்கு 6.7 கி.மீ., புதியவை 10.6. அதே ஓட்டத்துக்கு மிச்சம் சுமார் 1,100 லிட்டர். லிட்டருக்கு 2.3 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் வருடத்துக்கு 2.5 டன். பழைய கார் இன்னும் நாலு வருடம் ஓடியிருக்கும் என்றால் 10 டன். காருக்குக் கொடுத்த 4,200 டாலரை அதால் வகுத்தால் டன்னுக்கு 420 டாலர். அந்த 'நாலு வருடம்' நம் ஊகம் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு என்று போட்டால் விலை இரட்டிக்கும்.

பழைய வண்டி உண்மையிலேயே செத்ததா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் இறுகி நிற்கும்வரை ஓட்டினார்கள். கொடூரம்தான், ஆனால் வண்டி மறுபடி சாலைக்கு வராது. அதே 2009-இல் 2,500 யூரோ கொடுத்த ஜெர்மனியில், உடைக்க வேண்டிய வண்டிகள் வெளிநாட்டுக்குப் போன புகார்கள் எழுந்தன. இன்னொரு பக்கம், எஞ்சினை அழித்தால் ஏழைகள் வாங்கும் பழைய கார் சந்தையில் சரக்கு குறையும். இந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் ஏறாது.

'நிறுவனங்கள் லாபம் பார்த்து வரியாகத் திருப்பித் தரும்' என்ற வரியைக் கண்டால் பேனாவை எடுங்கள். வரி விகிதத்தைப் பார்க்காமல், கட்டிய வரியைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி மீண்டபோது பழைய நட்டங்களை வருங்கால லாபத்தில் கழித்துக்கொள்ள விடப்பட்டது. அப்படிப்பட்ட நிறுவனத்திடமிருந்து திரும்பும் வரவு என்று பெரிய தொகை போட முடியாது.

இந்தியாவிலும் இதே மயக்கம் உண்டு. 2019 ஆகஸ்ட் 23 முதல் 2020 மார்ச் 31 வரை தொழிலுக்கு வாங்கிய, வாடகைக்கு ஓட்டாத காருக்குத் தேய்மானம், அதாவது வரிக் கணக்கில் வருடாவருடம் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளும் மதிப்புக் குறைவு, 15-லிருந்து 30 சதவீதமானது. 10 லட்ச ரூபாய் காருக்குக் கூடுதல் கழிவு 1.5 லட்சம், 25.17 சதவீத வரி கட்டும் கம்பெனிக்கு முதல் வருடம் ரூ.37,755 மிச்சம். அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். ஆனால் பின்வரும் வருடங்களில் கழிவு அதே அளவு குறையும். இது தள்ளுபடி அல்ல, தள்ளிப்போடல். அரசின் நட்டமாக முழுத் தொகையைப் போடாமல், அதன் வட்டியை மட்டும் போடுங்கள்.

2021-இல் வந்த வாகன அழிப்புக் கொள்கைக்கு இரண்டு பேரேடு வேண்டும். சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை, வணிக வண்டிக்கு 15 சதவீதம் வரை சாலை வரிச் சலுகை என்றது ஒன்றிய அரசின் விதி. குறைவது மாநிலத்தின் வருமானம். புது வண்டியின் ஜிஎஸ்டியோ முதலில் இருவருக்கும் பாதிப் பாதி. சாலை வரிச் சலுகை ரொக்கமாகக் கொடுக்கும் பணமல்ல என்பதால் செலவுப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. சாலை வரி வசூலில் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்று தேட வேண்டும்.