அடைமழையில் ஒட்டிக்கொண்ட கிரிக்கெட் கார்டுகள்

திருவையாற்றில் ஐப்பசி பிறந்தாலே அலமாரிக்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். போன அடைமழையில் என் கிரிக்கெட் கார்டுகள் வளைந்துபோய், சில கார்டுகள் ஆல்பத்தின் பிவிசி பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டன. ஒட்டியதைப் பிய்க்கவே கூடாது, அச்சு உரிந்துவிடும். உறையை ஓரத்தில் வெட்டித் திறந்து, தையல் நூலை இடையில் விட்டு மெல்ல இழுத்தேன். சச்சின் கார்டில் ஒரு மூலை மட்டும் பளபளப்பு மங்கியது, முகம் தப்பியது. அப்பாடா என்றிருந்தது!

அப்புறம் எல்லாவற்றையும் எளிதில் ஒட்டாத பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் உறைக்கு மாற்றினேன். வழக்கமான கார்டு 2.5 × 3.5 அங்குலம், அந்த அளவிலேயே உறை கிடைக்கிறது. இறுக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல். ஈரம் ஏறி அது இளஞ்சிவப்பானால் மாற்றிவிட வேண்டும். வளைந்தவற்றை வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றினேன்.

கும்பகோணம் நண்பர் கார்டு மாற்ற வந்தால் மூலைகளைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். இந்த முறை மறுபேச்சில்லாமல் டிராவிட் கார்டை நீட்டினார்.