ஆச்சியோட மாத்திரை டப்பாவ வச்சு ஃபார்மகாலஜி (மருந்தியல்) படிக்கலாம் வாங்க

"அக்கா, டேபிள் டேபிளா மனப்பாடம் பண்றேன், பரீட்சை ஹால்ல போய் உக்காந்தா சோடியமும் பொட்டாசியமும் ஒண்ணாக் கலந்துருது"ன்னு காரைக்குடி பஸ்ல கூட வர்ற நர்சிங் புள்ள ஒண்ணு புலம்புச்சு. நானும் அப்படித்தான் முழிச்சேன், எனக்கு வெளங்க வச்சது எங்க தெரு ஆச்சியோட மாத்திரை டப்பா, அதையே உங்களுக்கும் தொறந்து காட்டுறேன்.

படி 1: ஒரே ஒரு ஆளப் புடிங்க

ஆச்சிக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் ரத்தத்த சரியா பம்ப் பண்ண முடியாத நெலமை. பழைய முறுக்கு டப்பாவுல மூணு அட்டை இருக்கும், லேசிக்ஸ், டிஜாக்சின், எனலாப்ரில். ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல மூணே கேள்வி எழுதுங்க: எதுக்குக் குடுக்குறாங்க, ரத்தத்துல எத ஏத்தும் எதக் கொறைக்கும், குடுக்குறதுக்கு முன்னாடி நான் என்ன பாக்கணும்.

லேசிக்ஸ் நீரப் பிரிச்சு விடும், கால் வீக்கம் வத்தும், ஆனா போற தண்ணியோட பொட்டாசியத்தையும் இழுத்துட்டுப் போயிரும். காலையில குடுக்கணும்னு புஸ்தகத்துல ஒரு வரில போட்ருப்பாங்க, ஏன்னு எங்க ஊர் வீட்டப் பாத்தாத் தெரியும், ராத்திரி குடுத்தா அந்த மனுஷி இருட்டுல வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி பின்கட்டுக்கு நடக்கணும், கீழ வழவழன்னு ஆத்தங்குடிக் கல்லு, விழுந்தா இடுப்பு போச்சு.

இப்ப டிஜாக்சினுக்கு வாங்க, இதயத்த பலமாத் துடிக்க வைக்கிற மாத்திரை. இதுவும் பொட்டாசியமும் இதய செல்லுல ஒரே பம்புல எடத்துக்குப் போட்டி போடுறவங்க. பொட்டாசியம் கொறஞ்சா டிஜாக்சினுக்குக் கொண்டாட்டம், அதே டோஸே விஷமாயிரும். பசிக்காது, கொமட்டும், பார்வை மஞ்சளடிக்கும். ஒரு நாள் ஆச்சி, "ஏண்டி, வெள்ளைப் பணியாரம் மஞ்சளா இருக்கு, மாவுல என்னத்தப் போட்டா இவ?"ன்னு மருமகளத் திட்டுனாங்க. எனக்குப் பக்குன்னுச்சு, அன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிட்டோம். அதுனாலதான் இந்த மாத்திரைக்கு முன்னாடி நெஞ்சுல ஸ்டெத் வச்சு முழுசா 1 நிமிஷம் எண்ணச் சொல்றாங்க, பெரியவங்களுக்கு 60க்குக் கீழ இருந்தா குடுக்காம நிறுத்திட்டு டாக்டருக்குச் சொல்லுங்க.

எனலாப்ரில் ரத்தக்குழாயத் தளர்த்தி இதயத்தோட சுமையக் கொறைக்கும், ஆனா லேசிக்ஸுக்கு நேர் எதிரா பொட்டாசியத்தப் புடிச்சு வச்சுக்கும். நல்லதுன்னு நெனச்சு லோ சோடியம் உப்பு வாங்கிக் குடுப்பாங்க பாருங்க, அதுல சோடியத்துல ஒரு பங்குக்குப் பதிலா பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்துருக்கும், அதையும் கேட்டு வைங்க.

படி 2: நம்பர்

ரத்தத்துல இருக்க வேண்டிய அளவு: சோடியம் 135–145, பொட்டாசியம் 3.5–5.0, ரெண்டும் லிட்டருக்கு எம்ஈக்யூ (mEq, மில்லி ஈக்விவலன்ட்ங்கற அளவு). கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5–10.5 மில்லிகிராம். லேபுக்கு லேப் லேசா மாறும். சோடியம் ஏறி எறங்குனா மூளை மாட்டும் (குழப்பம், வலிப்பு), பொட்டாசியம்னா இதயம், கால்சியம் கொறஞ்சா கை வெரல் இழுத்துக்கும். இந்த மூணையும் எலக்ட்ரோலைட்டுன்னு சொல்லுவாங்க, அதுன்னா என்னன்னே புரியலைன்னா, தண்ணியில கரைஞ்சா கரண்ட் கடத்துற சமாச்சாரம்னு வச்சுக்கங்க, அழகப்பச் செட்டியார் எடம் குடுத்து வந்த நம்ம காரைக்குடி சிக்ரியில (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வருஷக்கணக்கா அது சம்பந்தமாத்தானே ஆராயுறாங்க.

படி 3: பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் (சின்ன மருந்துக்குப்பி), இத மட்டும் பத்து தடவ படிங்க

நான் ஸ்டூடண்டா இருந்தப்ப இந்த மருந்த சிரிஞ்சுல ஏத்திக்கிட்டு அப்படியே நோயாளி கையில குத்தியிருந்த கேனுலா (ஊசிக்குழாய்) பக்கம் போயிட்டேன், வார்டு சிஸ்டர் வந்து மணிக்கட்ட இறுக்கிப் புடிச்சாங்க பாருங்க, இன்னைக்கும் அந்தப் புடி ஞாபகம் இருக்கு. நேரா நரம்புல தள்ளுனா இதயம் நின்னுரும். 10 மில்லி ஆம்பியூல்ல பெரும்பாலும் 20 எம்ஈக்யூ இருக்கும், பாட்டில்ல கலந்துதான் போடணும், கலந்ததும் பாட்டிலத் தலைகீழா நாலஞ்சு தடவ திருப்புங்க, இல்லாட்டி மருந்து அடியில தேங்கி மொதல்லயே மொத்தமா எறங்கிரும். கை நரம்புல வழக்கமா மணிக்கு 10 எம்ஈக்யூக்கு மேல ஓட்ட மாட்டாங்க. அதுக்கும் முன்னாடி யூரின் போகுதான்னு பாருங்க, கிட்னி வேலை செய்யலைன்னா ஏறுன பொட்டாசியம் எங்க போகும்?

ரத்தத்துல பொட்டாசியம் ஏறிப்போச்சுன்னா ஈசிஜில டி அலைங்கற மேடு கூம்பா நிக்கும். கால்சியம் குளுக்கோனேட் இதயத்தக் காப்பாத்தும், ஆனா பொட்டாசியத்தக் கொறைக்காது, அத செல்லுக்குள்ள தள்றது இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும். வைவால (வாய்மொழித் தேர்வு) இந்த வித்தியாசத்தக் கேப்பாங்க.

படி 4: வைட்டமின்

ஏ, டி, ஈ, கே கொழுப்புல கரையும், ஒடம்புல தேங்கும், ஓவராப் போனா ஆபத்து. பியும் சியும் தண்ணியில கரையும். இதுக்கு மேல மருந்தோட ஜோடி சேத்துப் படிச்சாப் போதும்: ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற வார்ஃபரினுக்கு மாத்து மருந்து வைட்டமின் கே, டிபி மாத்திரை ஐசோனியசிட் கூட பி6, சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிடுறவங்களுக்கு பி12 கொறையும், குடிப்பழக்கம் உள்ளவருக்கு குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி பி1. இரும்புச்சத்து மாத்திரைய எலுமிச்சைச் சாறோட குடுங்க, காப்பி டீயோட வேணாம்.

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டு அப்பத்தா டப்பாவ எடுத்து மூணு கேள்வியும் எழுதிப் பாருங்க. கேட்டுட்டு எடுங்க, நான் கேக்காம எடுத்ததுக்கு ஆச்சி ரெண்டு நாள் மூஞ்சி குடுத்துப் பேசல.