வெப் டெவலப்பர் ஆகப்போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வேலை தேடி வரும் இளைஞர்களின் ப்ராஜெக்ட் பட்டியலில் பெரும்பாலும் அதே மூன்றுதான் இருக்கும்: ஒரு கால்குலேட்டர், ஒரு வானிலைப் பக்கம், அன்றைய வேலைகளைக் குறித்துவைக்கும் ஒரு பட்டியல். யூடியூப் காணொளியை நிறுத்தி நிறுத்தித் தட்டச்சு செய்தவை. இப்போது அந்தச் சிரமமும் இல்லை, ஏஐ எழுதித் தந்துவிடுகிறது. அதில் குற்றமில்லை. நேர்முகத் தேர்வில் ஒரு வரியைச் சுட்டி ‘இது எதற்கு?’ என்று கேட்டால் விழிப்பதுதான் சிக்கல்.

மதுரையில் இருந்துகொண்டு லண்டன் வானிலையை ஏன் காட்ட வேண்டும்? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் விலையைக் காட்டும் பக்கம் ஒன்றைச் செய்து பாருங்கள். முகூர்த்த நாளில் மல்லிகை விலை எகிறும். பிரவுசர் சேமித்துவைத்த நேற்றைய விலையையே உங்கள் பக்கம் காட்டினால், உசிலம்பட்டியிலிருந்து பூ கொண்டுவருகிறவர் உங்களைச் சும்மா விடமாட்டார். இப்படிச் சேமித்துவைப்பதற்குப் பெயர்தான் கேஷ் (cache); அது என்ன செய்யும் என்று அன்றைக்குப் புரியும். அவர் பார்ப்பது சிறிய போனில், சிக்னல் வந்து போகும் இடத்தில். உங்கள் லேப்டாப்பில், வீட்டு வைஃபையில் நன்றாகத் தெரிந்தது என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

தமிழ் வேறு தனியாகச் சோதிக்கும். ‘மல்லிகை’ நமக்கு நான்கு எழுத்து. வலைப்பக்கத்தை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் 7 என்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் முறையான யூனிகோடு, புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதே காரணம். இடம் போதவில்லையென்று ஆறோடு வெட்டினால் திரையில் ‘மல்லிக’ என்று நிற்கும். எழுத்தெழுத்தாகப் பிரிக்க அதே மொழியில் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி இருக்கிறது. டேட்டாபேஸில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசைகட்டி நின்றால், முதலில் கேரக்டர் செட்டை, அதாவது எழுத்துகளை எந்த முறையில் சேமிக்கிறது என்ற அமைப்பைப் பாருங்கள். டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்க்யூஎல் (MySQL) என்றால் அது யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) ஆக இருக்க வேண்டும்.

பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல், தோற்றத்தைத் தரும் சிஎஸ்எஸ், அதோடு ஜாவாஸ்கிரிப்ட் கைவராமல், ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்ட ஆயத்தக் கருவியான ரியாக்டில் நேராகக் குதிப்பது இன்னொரு பழக்கம். பிழைச்செய்தி வந்தால் அது மொழியின் பிழையா, ரியாக்டைப் பயன்படுத்திய விதத்தின் பிழையா என்று பிரித்தறிய முடியாது. அடிப்படையைக் கற்க எம்டிஎன் (MDN) என்ற வழிகாட்டித் தளம் இலவசமாகவே இருக்கிறது. ‘வேலை உத்தரவாதம்’ என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி மையத்தில் சேரும் முன், அங்கே படித்து வேலைக்குப் போன இருவரிடமாவது பேசுங்கள். வேலை தருவதற்கே முன்பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். சென்னைக்குப் போனால்தான் பிழைப்பு என்றும் இல்லை. மதுரைப் பக்கமே இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் ஐடி பூங்காக்கள் இருக்கின்றன.

வேறொரு சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடான ஏபிஐ சாவியை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு, மறுநாள் அந்தக் கோப்பை நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) மென்பொருளின் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். சாவியை ரத்து செய்து புதிது வாங்குவதுதான் வழி.

தெரிந்த கடைக்காரருக்குத் தளம் செய்து தருகிறீர்களா? ‘தம்பி, நீயே எல்லாம் பார்த்துக்கொள்’ என்பார். டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, உங்கள் பெயரில் வாங்கிவிடாதீர்கள். நீங்கள் வேறு ஊர் போய், புதுப்பிக்க மறந்தால், அவருடைய கடைப் பெயரை வேறொருவர் வாங்கிவிடலாம். பதிவு அவர் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். ஆண்டுதோறும் எவ்வளவு, யார் கட்டுவது, எத்தனை திருத்தம் வரை இலவசம் என்பதை வேலை தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பி, அவர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.