'கெட்' வந்தால் குழம்பாமல் இருக்க

ஆங்கிலத்தில் 'கெட்' (get) என்றால் 'பெறு' என்று மட்டும் மனப்பாடம் செய்து வைத்தால் பாதி வாக்கியம் புரியாது. பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஒரு பொருளின் பெயர் வந்தால் கிடைப்பது அல்லது வாங்குவது, 'டயர்ட்', 'ஆங்ரி', 'லேட்' மாதிரி நிலையைச் சொல்லும் சொல் வந்தால் 'ஆவது', 'டு' போட்டு ஊர்ப்பெயர் வந்தால் போய்ச் சேர்வது. 'ஐ டோன்ட் கெட் இட்' என்றால் புரியவில்லை, அவ்வளவுதான்.

பலரும் தடுமாறுவது 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதில்தான் ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்). அது சலூனில் போய் வெட்டிக்கொண்டது. 'ஐ கட் மை ஹேர்' என்று சொல்லிவிட்டால் கத்தரிக்கோல் உங்கள் கையில் இருந்ததாக அர்த்தம். அப்புறம், பஸ், ரயிலில் ஏறினால் 'கெட் ஆன்', காரில் ஏறினால் 'கெட் இன்'. இதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அப்படியே பழகிக்கொள்ளுங்கள். அலுவலகக் கடிதத்தில் மட்டும், கிடைத்தது என்று சொல்ல 'கெட்'டுக்குப் பதில் 'ரிசீவ்' போடுங்கள், எடுப்பாக இருக்கும்.