கிழித்த கோப்பை ஒட்டுவது எப்படி: ஸ்டாசி மூட்டைகளின் பாடம்

கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி, 1989 நவம்பரிலேயே தன் கோப்புகளை அழிக்கத் தொடங்கிவிட்டது. துண்டாக்கும் இயந்திரங்கள் அவ்வளவு காகிதத்தைத் தாங்கவில்லை. அதிகாரிகள் உட்கார்ந்து கையால் கிழித்தார்கள். கிழித்ததை மூட்டையில் போட்டுவைத்து, பிறகு எரிக்கலாம், கூழாக்கலாம் என்று நினைத்தார்கள். அந்த ‘பிறகு’ வரவே இல்லை. டிசம்பர் 4 அன்று எர்ஃபர்ட் நகர மக்கள் மாவட்ட அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் நோர்மானன் தெருவில் இருந்த தலைமையகமும் மக்கள் கைக்கு வந்தது. மிஞ்சியவை சுமார் 16,000 மூட்டைகள்.

1995 முதல் நியூரம்பர்க் அருகே ட்ஸிர்ன்டோர்ஃப் என்ற ஊரில் ஒரு சிறு குழு அவற்றைக் கையால் ஒட்டியது. 500க்கு மேற்பட்ட மூட்டைகள், 15 லட்சத்துக்கும் அதிகமான பக்கங்கள். கையால் கிழிந்த எந்த ஆவணத்துக்கும் இந்த முறை பொருந்தும்.

முதல் விதி: மூட்டையைக் கொட்டாதீர்கள். கிழித்தவர் ஒரு கோப்பை எடுத்து, நாலைந்து தாள்களைச் சேர்த்துப் பிடித்துக் கிழித்து, அப்படியே உள்ளே போட்டிருப்பார். ஆகவே ஒரே பக்கத்தின் துண்டுகள் பெரும்பாலும் ஒரே அடுக்கில் கிடக்கும். கொட்டிக் கலக்கினால் அந்த வரிசை போயிற்று, பிறகு திரும்பாது. மேலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, ஒவ்வொரு பிடியையும் தனித் தட்டில் வையுங்கள். தட்டில் மூட்டை எண்ணும் அடுக்கு எண்ணும் இருக்க வேண்டும். மூட்டைக்குள் பழைய செய்தித்தாள், உறை, குப்பை எல்லாம் இருக்கலாம். தேதியுள்ள எதையும் எறிய வேண்டாம்.

அடுத்தது பிரிப்பது. எழுத்தைப் படிக்க இப்போதே இறங்காதீர்கள், வேலை நின்றுவிடும். முதலில் காகிதம்: தடித்த அட்டையா, சாதாரணத் தாளா, கார்பன் நகலுக்கான மெல்லிய தாளா. பிறகு நிறம், கோடு. அதற்கப்புறம்தான் எழுத்து: தட்டச்சா, கையெழுத்தா, எந்த மை.

மூலைகளைத் தனியாக எடுத்து எண்ணுங்கள். நாலால் வகுத்தால் அந்தத் தட்டில் ஏறத்தாழ எத்தனை தாள் என்று தெரியும். ஒரு தாளை மாற்றி மாற்றி மூன்று முறை பாதியாகக் கிழித்தால் 8 துண்டு. எல்லாத் துண்டிலும் குறைந்தது ஒரு நேரான ஓரம் இருக்கும். இன்னொரு முறை கிழித்து 16 ஆக்கினால் நடுவில் 4 துண்டுகளுக்கு நேர் ஓரமே இருக்காது. கை வேலை அங்கேதான் திணறும். கோப்பில் கோத்த தாள் என்றால் இடது ஓரத்தில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளை இருக்கும். துளை கிடைத்தால் இடப்பக்கம் கிடைத்த மாதிரி.

பொருத்துவதில் இரண்டு பொறிகள் உண்டு. சேர்த்துக் கிழித்த தாள்களின் கிழிசல் கோடுகள் அண்ணன் தம்பி போல ஒத்திருக்கும். ஓரம் பொருந்துகிறதே என்று ஒட்டினால் 3ஆம் பக்கத்தின் மேல்பாதியும் 4ஆம் பக்கத்தின் கீழ்பாதியும் சேர்ந்துவிடும். கிழிசல் குறுக்கே ஓடும் ஒரு எழுத்தையாவது பாருங்கள், அதன் இரண்டு பாதியும் சேர வேண்டும். தாளைத் திருப்பிப் பின்புறத்தையும் பாருங்கள். இரண்டாவது பொறி கார்பன் நகல். ஒரே அறிக்கை இரண்டு மூன்று பிரதியாக ஒரே மூட்டையில் கிடக்கும். வாசகம் தொடரும், ஆனால் ஓரம் சேராது. அப்போது வாசகத்தை நம்பாதீர்கள், ஓரத்தை நம்புங்கள்.

கையால் கிழித்த காகிதம் செங்குத்தாகப் பிரிவதில்லை, சரிவாகப் பிரியும். ஒரு துண்டில் வெள்ளை நார் உதடு போல நீளும், மற்றதில் அதற்கேற்ற பள்ளம் இருக்கும். உதடு எதன் மேல் படிய வேண்டுமோ அதன் மேல் படிய விடுங்கள். ஓரத்தோடு ஓரமாக முட்டவைத்தால் வரி அரை மில்லிமீட்டர் விலகும், எட்டாவது துண்டில் மூலையே சேராது.

ஒட்டுவதற்கு அமிலமற்ற, ஆவணக் காப்பகத்துக்கான டேப் மட்டும். கடை செல்லோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பசை கசிந்து அடுத்த தாளையும் பிடித்துக்கொள்ளும். முதலில் கிழிசலின் இரு முனையில் சிறு துண்டு டேப். எல்லாம் சேர்ந்த பிறகே முழு நீளம். இருபுறமும் எழுத்திருந்தால் ஒளி ஊடுருவும் டேப்பையே எழுத்தின் மேல் ஒட்ட வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.

கணினியால் முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். பெர்லின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனம் 2007இல் அந்த வேலையைத் தொடங்கியது. நிறம், எழுத்து, ஓர வடிவம் பார்த்துப் பொருத்தும் மென்பொருள் அது. ஒட்டியது 23 மூட்டை, சுமார் 91,000 பக்கம். பொருத்துவதைவிட ஸ்கேன் செய்வதுதான் பெரிய இடர். ஒவ்வொரு துண்டையும் தூசி தட்டி, மடிப்பு நீக்கி, இருபுறமும் படமெடுக்க வேண்டும், அதைச் செய்வதும் மனிதக் கைதான்.

பக்கம் சேர்ந்தாலும் அது யாரைப் பற்றியது என்று தெரியாது. ஸ்டாசி தன் ஆட்களைப் புனைபெயரில்தான் எழுதும். பக்கத்தில் பதிவு எண்ணைத் தேடுங்கள்: பிரிவைக் காட்டும் ரோமன் எண், வரிசை எண், ஆண்டு. ரோமன் 15 என்றால் பெர்லின் தலைமையகம். அந்த எண்ணை வைத்து, ஸ்டாசியின் பதிவு அட்டைகளில் எஃப் 22 என்ற வகை அட்டையை எடுத்தால் புனைபெயரும் பொறுப்பு அதிகாரியும் கிடைக்கும், உண்மைப் பெயர் இருக்காது. அதே எண் உள்ள எஃப் 16 அட்டையில்தான் உண்மைப் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். ஓர் அட்டை மட்டும் பார்க்கும் ஊழியருக்கு ஆள் தெரியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஒருவர் பெயர் எஃப் 16இல் இருப்பதாலேயே அவர் உளவாளி ஆகிவிட மாட்டார். உளவு பார்க்கப்பட்டவருக்கும் அதே அட்டைதான்.

எண் வெளிநாட்டு உளவுப் பிரிவுக்குப் போனால் பெரும்பாலும் பின்னால் கோப்பு இருக்காது. 1990இல் தன்னைத் தானே கலைத்துக்கொள்ள அந்தப் பிரிவுக்கு அனுமதி கிடைத்தது, அது சாவகாசமாக அழித்துவிட்டது. அங்கே மூட்டைக்கு வேலையில்லை. ரோசன்ஹோல்ஸ் எனப்படும் தொகுப்பைப் பாருங்கள்: அமெரிக்காவின் சிஐஏ கைக்குப் போய், 2003க்குள் 381 குறுந்தகடுகளாக ஜெர்மனிக்குத் திரும்பிய, அந்தப் பிரிவின் பதிவு அட்டைகளின் படங்கள். எஃப் 16உம் எஃப் 22உம் அதில் உண்டு.